தொண்டும் தூளும்: ஒரு தேங்காய் மட்டையின் ஏற்றுமதிக் கணக்கு

ஆங்கிலேயர் 'காயர்' என்று சொல்லும் சொல் எங்கிருந்து போனது என்று தேடிக்கொண்டு போனால், கடைசியில் நம் வீட்டு வாசலிலேதான் வந்து நிற்போம். மலையாளத்தில் கயர், தமிழில் கயிறு. சரக்கோடு சேர்ந்து பெயரும் கப்பலேறிப் போயிருக்கிறது. தேங்காயை உரித்தபின் மிஞ்சும் மட்டைக்கு நாஞ்சில் நாட்டார் கதம்பை என்பார்கள். பொள்ளாச்சிப் பக்கம் வெறும் மட்டைதான். இங்கே திருவனந்தபுரத்தில் அது தொண்டு. (நம் சங்கத்தில் தொண்டு என்றால் பொருள் வேறு, அதற்கு ஆள் கிடைப்பதும் இப்போது கஷ்டம்தான்!) நாருக்குச் சகிரி என்று பெயர். நார் பிரித்தபின் உதிரும் தூளுக்குச் சகிரிச்சோறு என்று பெயர். இந்தக் கடைசிச் சொல் எனக்கு மிகவும் பிடித்தது. யாருக்கும் வேண்டாத குப்பையாகக் கிடந்த காலத்திலேயே அதற்குச் சோறு என்று பேர் வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு ஐரோப்பியக் கண்ணாடிக் கூடங்களில் காய்க்கும் தக்காளியும் ஸ்ட்ராபெரியும் அந்தச் சோற்றில்தான் வேர் விடுகின்றன.

சிறிய உற்பத்தியாளர்கள் உலகச் சந்தையில் இறங்கும்போது எது உண்மையான லாபம், எது அடுத்த வீட்டுக்காரன் தலையில் கட்டிய நஷ்டம் என்பதை இந்த ஒரு மட்டையை வைத்தே பேசிவிடலாம் என்று தோன்றுகிறது. கொங்கு நாட்டில் பிறந்து, பிழைப்புக்காக இங்கே வந்து, ஒரு வங்கியில் சிறுதொழில் கடன் விண்ணப்பங்களைப் பார்த்துப் பார்த்தே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன் நான். இரண்டு ஊர் மட்டையையும் பார்த்திருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நகரிலிருந்து வடக்கே கடலோரமாகப் போனால் வருவது அஞ்சுதெங்கு. ஐந்து தென்னைகள் என்று பொருள். தெங்கு நம் பழந்தமிழ்ச் சொல்தான். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் 1684ல் ஆற்றிங்கல் ராணியிடம் இடம் கேட்டு வாங்கி, 1690களில் கோட்டை கட்டிய ஊர். மிளகுக்காக வந்தார்கள். 1721ல் ஆற்றிங்கலில் ஊர்மக்கள் கிளர்ந்தெழுந்ததும் அந்த மிளகுத் தகராறு முற்றித்தான். அது தனிக்கதை. நமக்கு வேண்டியது அவர்கள் 'அஞ்செங்கோ' என்று உச்சரித்த அந்தப் பெயர். கயிற்று நூலில் ஊர்ப்பெயரால் தரம் சொல்லும் வழக்கம் இன்றும் உண்டு: மங்காடன், ஆராட்டுபுழை, ஆலப்பாடு, வைக்கம், அஷ்டமுடி, பேப்பூர் என்று பல. அவற்றுள் முதல் தரமாகப் பேர் வாங்கியது அஞ்செங்கோ. பொன்னிறம், சீரான முறுக்கு, கைக்கு மெது. ஆலப்புழையில் 1859ல் ஜேம்ஸ் டாரா தொடங்கிய தறிக்கூடத்துக்குப் பிறகு இந்தியாவில் கால்மிதியும் தரைவிரிப்பும் தொழிற்சாலைச் சரக்காயின. அந்தத் தொழில் வளர வளர நல்ல நூலுக்கு ஓயாத கிராக்கி ஏற்பட்டது.

அந்தப் பொன்னிறம் எப்படி வந்தது என்பதில்தான் நம் விஷயம் ஆரம்பமாகிறது.

பச்சை மட்டையைக் காயலில், கடலின் ஓதம் வந்து போகும் உப்புத்தண்ணீரில், வலையில் கட்டி அல்லது குழியில் புதைத்து ஆறு முதல் பத்து மாதம் ஊறப் போடுவார்கள். நாரையும் சோற்றையும் ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்னும் பசையை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும். பிறகு பெண்கள் அதை எடுத்துத் தோலுரித்து, கல்லின் மேல் வைத்துக் கட்டையால் அடித்து, தூளை உதறி, ராட்டில் முறுக்குவார்கள். ஊறியபோது மட்டையிலிருந்து இறங்கிய துவர்ப்புச் சத்து முழுவதும் காயலில் கலக்கும். தண்ணீரில் உயிர்வளி தீர்ந்துபோகும். அழுகின முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு மேலே வரும். கடினங்குளம் காயலின் ஓரமாகப் போனவர்களுக்கு அந்த வாடை மறந்திருக்காது. மட்டை ஊறும் பகுதிகளில் மீனும் இறாலும் அருகிப்போனதைக் கேரளப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1980களிலேயே அளந்து எழுதியிருக்கிறார்கள். இடுப்பளவு கறுப்புத் தண்ணீரில் நின்று வேலை செய்த பெண்ணின் கால் புண்ணும், வலை வெறுமையாக வந்த மீனவனின் அன்றாடமும் லண்டனில் விற்ற கால்மிதியின் விலையில் சேரவில்லை. யார் கணக்கிலும் ஏறாத செலவு அது. ஆனாலும் யாரோ கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பிறகு மட்டை மலையேறிக் கிழக்கே போயிற்று. காரணங்கள் பல. மட்டை அடிக்கும் இயந்திரம் வந்தால் பல்லாயிரம் பெண்களின் கூலி போகும் என்று 1970களில் கேரளத் தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. இந்தச் சிக்கலை இங்கே உள்ளூரிலுள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தைச் சேர்ந்த அறிஞர்கள் நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்களுள் ஒருவரான தாமஸ் ஐசக் 2016 முதல் 2021 வரை நிதியோடு கயிற்றுத் துறைக்கும் அமைச்சராக இருந்தார். இங்கே வாதம் நடந்துகொண்டிருக்க, அங்கே பொள்ளாச்சி, உடுமலை, காங்கயம், சிங்கம்புணரி, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று தமிழ்நாட்டில் இயந்திரங்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. முற்றிய மட்டையைச் சில நாள் நனைத்து இயந்திரத்தில் கொடுத்தால் பழுப்பு நார் வந்துவிடும். பத்து மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. கேரளத்துக் கூட்டுறவுச் சங்கங்களே தமிழ்நாட்டிலிருந்து நார் வாங்கி முறுக்குகிற நிலை வந்தது. நம் ஊர்த் தொண்டு தோப்பிலேயே அடுப்புக்குப் போயிற்று.

பழுப்பு நாரைப் பெரும்பங்கு வாங்கியது சீனா, மெத்தைக்கு. ஒரே வாங்குபவரை நம்பி இருப்பதன் ஆபத்தைக் கடன் பிரிவில் இருந்த எவரும் சொல்லுவார்கள். அவர் இருமினால் இங்கே காய்ச்சல். அதைப் பற்றி நீட்டவில்லை.

தூளுக்கு வருவோம். மட்டையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் நார். மீதி எல்லாம் தூள். ஒரு கிலோ நார் எடுத்தால் இரண்டு கிலோ தூள் குவியும். பொள்ளாச்சிச் சாலைகளில் பேருந்தில் போகும்போது வீட்டு உயரத்துக்குத் தூள் மலைகள் கிடந்ததை நம்மில் பலர் பார்த்திருப்போம். மழையில் அவற்றிலிருந்து காப்பி நிறத்தில் தண்ணீர் வழியும். கோடையில் தீப்பிடித்தால் உள்ளுக்குள்ளேயே நாள்கணக்கில் புகையும். லிக்னின் என்னும் மரச்சத்து அதிகம் இருப்பதால் சீக்கிரத்தில் மக்காது. கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112க்கு 1. ஒரு டன் தூளுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு ஈரம் காத்தால் ஒரு மாதத்தில் 24க்கு 1 என்று இறங்கும் என்று கோவை வேளாண் பல்கலைக்கழகமும் கயிறு வாரியமும் வழி காட்டின. நல்ல முறைதான். ஆனால் குவிந்த மலைக்கு அது போதவில்லை.

மலையைக் கரைத்தது வெளிநாட்டுத் தோட்டக்காரர்களின் தேவை. அங்கே நெடுங்காலமாகச் செடித்தொட்டிக்குப் 'பீட்' என்னும் பொருளைப் போட்டு வந்தார்கள். சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பாசி மக்கிப் படிந்தது அது. அதைத் தோண்டினால் அடைபட்டிருந்த கரியமில வாயு வெளிப்படுகிறது, சதுப்பு நிலமும் அழிகிறது என்று கண்டபின் மாற்றுத் தேடினார்கள். நம் தூள் தன் எடையைப்போல் ஐந்து முதல் எட்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதே சமயம் வேருக்குக் காற்றும் விடும். காயவைத்து அழுத்தினால் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும். 5 கிலோ கட்டியைத் தண்ணீரில் போட்டால் எழுபது லிட்டர் அளவுக்குப் பொங்கும். கப்பலில் காற்றை ஏற்றி அனுப்பக் கூலி கொடுக்க வேண்டாம், பாருங்கள்!

இந்திய அரசின் கணக்குப்படி 2019-20ல் கயிறு, நார்ப் பொருள்கள் எல்லாம் சேர்ந்து 2,757.90 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதியாயின. அதில் தூள் மட்டும் 1,349.63 கோடி; 49 சதவீதம். 2021-22ல் மொத்த ஏற்றுமதி சுமார் 4,340 கோடியானது. குப்பை ராஜாவாகிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. எழுதட்டும். வங்கிக்காரனுக்கு மொத்தத்தைப் பார்த்ததும் வகுக்கத் தோன்றும். 2019-20ல் போன சரக்கு 9,88,996 டன். வகுத்தால் ஒரு கிலோவுக்கு 28 ரூபாய்கூட வரவில்லை. தறியில் நெய்த விரிப்பு, கால்மிதி எல்லாவற்றையும் சேர்த்த சராசரி இது. தூளுக்கு மட்டும் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இவ்வளவு மலிவான, இவ்வளவு இடம் அடைக்கும் சரக்கில் கப்பல் கூலி ஏறினால் முதலில் அடிபடுவது களத்துக்காரன். 2021ல் உலகம் முழுவதும் கன்டெய்னர் வாடகை எகிறியபோது அதுதான் நடந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 50 சதவீத வரி போட்டபோதும் அதே பயம்.

அப்படியானால் விலை எங்கே கூடும்? கழுவலில்.

தென்னை உப்பை விரும்பும் மரம். மட்டையில் பொட்டாசியம், சோடியம், குளோரைடு எல்லாம் நிறைந்திருக்கும். தூளில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதை அதன் மின்கடத்தும் திறனை வைத்து அளப்பார்கள். பொள்ளாச்சியில் யாரைக் கேட்டாலும் 'ஈ.சி. எவ்வளவுங்க?' என்பார்கள், கல்யாணத்துக்கு ஜாதகம் கேட்கிற மாதிரி. கழுவாத தூள் 'ஹை ஈ.சி.', மலிவு. நல்ல தண்ணீரில் பலமுறை அலசி 0.5 மில்லி சீமென்ஸுக்குக் கீழே இறக்கினால் 'லோ ஈ.சி.', விலை கூடும். காயலின் உப்புத்தண்ணீரில் ஊறிய நம் அஞ்சுதெங்குத் தூள் இந்தப் பந்தயத்தில் தொடக்கத்திலேயே பின்தங்கியதற்கும், உள்நாட்டுப் பொள்ளாச்சி முந்தியதற்கும் இது ஒரு காரணம். நாருக்கு அழகு கொடுத்த அதே உப்புத்தண்ணீர் தூளைக் கெடுத்தது.

அலசினால் மட்டும் போதாது. தூளின் உள்ளே பற்றிக்கொண்டிருக்கும் பொட்டாசியமும் சோடியமும் வெறும் தண்ணீருக்கு அசையாது. தோட்டக்காரர் சுண்ணாம்புச் சத்துள்ள உரம் விடும்போது தூள் அந்தச் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை வெளியே விடும். செடிக்குச் சுண்ணாம்புச் சத்துக் கிடைக்காது. தக்காளியின் அடிப்பாகம் கறுத்து அழுகும். லட்சக்கணக்கில் முதல் போட்டவர் சும்மா இருப்பாரா? அடுத்த முறை வேறு நாட்டுச் சரக்கு வாங்குவார். அதனால் அனுப்பும் முன்பே கால்சியம் நைட்ரேட் கரைசலில் தூளை ஊறவைத்து அந்த மாற்றத்தை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். இதற்கு 'பஃபரிங்' என்று பெயர். களத்தில் மண் தரையில் காயப்போட்டால் கோரை விதை கலந்துவிடும். அதற்கும் சரக்குத் திரும்பும். சிமெண்டுக் களம், நல்ல தண்ணீர், உப்புக் கணக்கு, களைவிதை இல்லாத சுத்தம்: இவ்வளவும் இருந்தால்தான் நெதர்லாந்தின் ஆர்.எச்.பி. போன்ற தரச்சான்றுக்குக் கையை நீட்டலாம்.

இங்கேதான் என் மனத்தை உறுத்தும் விஷயம் இருக்கிறது. தரம் உயர உயரத் தண்ணீர் அதிகம் கெடுகிறது. கழுவின தண்ணீரில் உப்பும் துவர்ப்பும் போகின்றன. பஃபரிங் செய்த தண்ணீரில் நைட்ரேட்டும் சேர்கிறது. அது பக்கத்து வாய்க்காலுக்குப் போனால் அங்கிருந்து கிணற்றுக்கு இறங்கும். கடினங்குளம் காயலில் பார்த்த அதே கதை உடுமலைத் தோப்பில் வேறு உருவத்தில் வருகிறது. ஒரே ஒரு வித்தியாசம். காயலில் ஓதம் வந்து கழுவிக்கொண்டு போகும். கிணற்றுக்கு ஓதம் கிடையாது.

போன ஆண்டு என் தங்கை மகன் உடுமலையிலிருந்து போன் பண்ணினான். இரண்டு ஏக்கர் தோப்பை அடமானம் வைத்துத் தூள் கழுவும் களம் போடப் போகிறானாம். "தூள்தானேங்க மாமா, தண்ணிய விட்டு அலசினா முடிஞ்சுதுங்க. ஏற்றுமதிக்காரர் லோ ஈ.சி.ன்னா எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கறேன்னு சொல்லிட்டாருங்க" என்றான்.

"அலசின தண்ணி எங்கே போகும் மாப்பிள்ளை?"

"பள்ளத்துக்குத்தானுங்க."

"பள்ளத்துக்குக் கீழே யார் தோப்பு?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. கீழே இருப்பது அவன் சித்தப்பா தோப்பு. குடிதண்ணீர்க் கிணறும் அங்கேதான்.

அவனிடம் நான் திருப்பூரைச் சொன்னேன். அவனுக்குத் தெரிந்த ஊர்தான். ஆனால் தெரிந்த ஊர்க்கதையைத்தான் நாம் காதில் வாங்குவதில்லை. 1978ல் இத்தாலியிலிருந்து ஒரு வியாபாரி வெள்ளைப் பனியன் தேடி வந்ததிலிருந்து திருப்பூரின் ஏற்றுமதி வரலாறு சொல்லுவார்கள். 1980களின் நடுவில் சில கோடிகளாக இருந்தது, இருபதே ஆண்டில் பல ஆயிரம் கோடிகளாயிற்று. பெரும்பாலும் சிறியவர்கள்: ஒருவர் நூல் எடுப்பார், ஒருவர் பின்னுவார், ஒருவர் வெளுப்பார், ஒருவர் சாயம் போடுவார், ஒருவர் தைப்பார். ஒவ்வொரு சாயப்பட்டறைக்காரரும் 'என் வாய்க்கால் சின்னது' என்றே நினைத்தார். எல்லாச் சின்ன வாய்க்கால்களும் நொய்யலில் சேர்ந்தன. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. விவசாயிகளே அந்தத் தண்ணீர் எங்களுக்கு வேண்டாம் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம் எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொன்னது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள். ஒரு துளிக் கழிவும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தினால்தான் திறக்கலாம். மாநில அரசு 200 கோடி வட்டியில்லாக் கடன் கொடுத்துப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சீர்செய்ய உதவியது. அந்தச் செலவோடு தொழில் நடக்கவே நடக்காது என்றார்கள். நடந்தது. 2021-22ல் திருப்பூர் ஏற்றுமதி 33,000 கோடியைத் தாண்டியது. ஆனால் இடையில் மூடிய சிறு பட்டறைகளில் பல மீளவே இல்லை. செலவை முதலிலேயே ஏற்றிருந்தால் மெல்ல மெல்லத் தாங்கியிருப்பார்கள். ஒரே நாளில் வந்து விழுந்தபோது கையில் இருப்பு உள்ளவன்தான் தப்பினான்.

தூளுக்கும் அந்த எச்சரிக்கை மணி அடித்தாகிவிட்டது. மாசு குறைந்த வெள்ளைப் பிரிவில் இருந்த நார்த்தொழிலைத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021 நவம்பரில் ஆரஞ்சுப் பிரிவுக்கு மாற்றியது. உரிமையாளர்கள் போராடினார்கள். வெறும் நார் அடிப்பவனையும் தூள் கழுவுபவனையும் ஒரே தராசில் வைக்கலாமா என்ற அவர்கள் கேள்வியில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் கழுவுகிறவனுக்குச் சட்டம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

வாங்குகிற பக்கத்திலும் காற்று மாறுகிறது. பிரிட்டனில் செடித்தொட்டிக் கலவை விற்போர் சேர்ந்து நடத்தும் பொறுப்பான கொள்முதல் திட்டம் ஒன்றில், ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். ஆற்றல், தண்ணீர்ச் செலவு, மாசு, தொழிலாளர் நிலை, உயிரினங்களின் வாழிடம், மீண்டும் விளையும் தன்மை, வளத்தை வீணாக்காமை என்று ஏழு தலைப்பு. தென்னைத் தூள் 'மீண்டும் விளையும்' தலைப்பில் முதல் மாணவன். தண்ணீரில்தான் மார்க்கு குறையும். பீட் தோண்டுவது பாவம் என்று நம்மிடம் வாங்க வந்தவர், உங்கள் ஊர்க் கிணறு கெட்டது என்று தெரிந்தால் மரத்தூளுக்கோ வேறு எதற்கோ போய்விடுவார். இலங்கைக்காரர்களும் இதே சந்தையில் பக்கத்துக் கடை போட்டிருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது.

இதற்கு வழி என்ன? பெரிய தத்துவம் எதுவும் இல்லை. தனி ஆளால் முடியாததை நாலு பேர் சேர்ந்து செய்வதுதான். நாலு களத்துக்கு ஒரே கழுவுதொட்டி. கடைசி அலசலில் வரும் தண்ணீர் ஓரளவு சுத்தமாகவே இருக்கும். அதை அடுத்த தூளின் முதல் அலசலுக்குப் பிடித்துக்கொண்டால் புதுத்தண்ணீர் பாதிக்குமேல் மிச்சமாக வாய்ப்பு உண்டு. பொட்டாசியம் நிறைந்த முதல் அலசல் தண்ணீர் தென்னைக்கே உரம்; அளவாகக் கலந்து, மண்ணைச் சோதித்துப் பாய்ச்சலாம். அளவு மீறினால் அதுவே உப்பாகி நிலத்தைக் கெடுக்கும், அதனால் சும்மா திறந்துவிடுவது ஆகாது. நைட்ரேட் தண்ணீரைத் தனித்தொட்டியில் பிடித்து மறுபடி பஃபரிங்குக்கே எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் மேகம் கழுவிக் கொடுப்பதை வாங்கிக்கொள்ள மூடின களமும் சேமிப்புத் தொட்டியும் இருந்தால் நல்லது. சிறுதொழில் அமைச்சகத்தின் ஸ்ஃபூர்த்தி என்னும் கூட்டுத் திட்டத்தில் பொதுவசதி மையங்களுக்கு உதவி கிடைத்த நார்த்தொகுப்புகள் உண்டு. நம் ஊரிலேயே குடப்பனக்குன்றில் தேசியக் கயிறு ஆராய்ச்சி, மேலாண்மை நிறுவனம் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறோம்?

இன்னொன்று, விற்கும் பொருள். கட்டியாக விற்றால் அங்கே வாங்குபவர் உடைத்து, உரம் கலந்து, பையில் போட்டுத் தன் பெயரை அச்சடித்துக்கொள்வார். ஒரு மீட்டர் நீளச் செடிப்பையாக இங்கேயே தைத்து, எந்தப் பயிருக்கு எவ்வளவு பொடி எவ்வளவு சிம்பு என்று கலந்து அனுப்புகிறவருக்குக் கிலோவுக்குக் கிடைப்பது கூடுதல். கழுவுதொட்டியின் செலவைத் தாங்குகிற விலை அதில்தான் வரும். மலிவுக் கட்டியில் வராது. அதனால் தொட்டியும் தரமும் ஒரே கணக்கில் வரவேண்டும் என்பது என் கட்சி. முதலில் சம்பாதித்துவிட்டுப் பிறகு தொட்டி கட்டுகிறேன் என்ற விண்ணப்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் 'பிறகு' பெரும்பாலும் வந்ததில்லை.

நம் பக்கம் என்ன நடக்கிறது? கடினங்குளத்தில் மட்டை ஊறுவது மிகவும் குறைந்துவிட்டது. காயல் கொஞ்சம் மூச்சு விடுகிறது. ராட்டுக்குப் போன பெண்களின் மகள்கள் வேறு வேலைக்குப் போகிறார்கள். நகரத்தில் மொட்டைமாடியில் பை வைத்துக் காய்கறி போடும் வழக்கம் பெருகி, சகிரிச்சோற்றுக் கட்டியை நாமே காசு கொடுத்து வாங்குகிறோம். அடுத்த முறை வாங்கும்போது ஒரு பக்கெட்டில் ஊறவைத்துப் பிழிந்து, தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். இரண்டு மூன்று முறை மாற்றிய பிறகு செடிக்குப் போடுங்கள். கழுவாத கட்டியாக இருந்தால் வெண்டை இலையின் ஓரம் கருகும். தண்ணீர் குறைவு என்று நினைத்து மேலும் மேலும் ஊற்றுவோம். ஒரு பக்கெட்டிலிருந்து இவ்வளவு காப்பித் தண்ணீர் வருகிறதென்றால் நாள் ஒன்றுக்குப் பல டன் கழுவும் களத்தில் என்ன வரும் என்பதும் கூடவே புரியும்.

மாப்பிள்ளை தோப்பை அடமானம் வைக்கவில்லை. வைக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சித்தப்பாவையும் பக்கத்துத் தோப்புக்காரர்கள் இருவரையும் சேர்த்துக்கொண்டு ஒரே களமாகப் போட யோசிக்கிறான். திட்ட மதிப்பீட்டை எனக்கு அனுப்பியிருந்தான். இயந்திரம், களம், கொட்டகை என்று போய்க் கடைசியில் மூன்று தொட்டிகளும் ஒரு சோதனைக் கிணறும் சேர்த்திருக்கிறான். தொகை ஏறிவிட்டது, வங்கியில் முகம் சுளிக்கிறார்கள் என்கிறான். விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2ல் திறந்தாகிவிட்டதே, மாமா ஊர் வழியாகவே சரக்கை அனுப்பலாமே என்றும் கேட்கிறான். தாய்க்கப்பலுக்குப் பெட்டி மாற்றும் துறைமுகமாகத்தான் அது தொடங்கியிருக்கிறது, இப்போதைக்குத் தூத்துக்குடியையும் கொச்சியையும் நம்பு என்று பதில் எழுதியிருக்கிறேன். கூடவே சித்தப்பா கிணற்றுத் தண்ணீரைக் களம் போடுவதற்கு முன்பே ஒருமுறை சோதனைக்கூடத்தில் கொடுத்து, அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.